விசித்திர வீடியோ பார்த்தும் கதைக்கரு வரவில்லையா?

பார்ப்பதை விட்டு, விசித்திரமான ஒன்றை நீங்களே செய்யுங்கள். இரவெல்லாம் மாய வீடியோ பார்த்தும் சிறுகதைகள் ஒரே அச்சில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பார்வையாளராகவே இருந்ததுதான் காரணமாக இருக்கலாம்.

2012இல் வெளியான சிமோன் ரிட்டர் குழுவின் நெதர்லாந்து ஆய்வில், கணினி உருவாக்கிய மெய்நிகர் உலகுக்குள் நடந்தவர்கள் ஒரு சூட்கேசை நெருங்க நெருங்க அது சிறுத்தது, விலகினால் பெருத்தது. போத்தல் மேல்நோக்கி விழுந்தது. அவர்களுடைய யோசனைகள் பல வகைகளாக விரிந்தன. அதையே படமாகப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. எனக்கு அதிகம் பிடித்தது அடுத்த சோதனை: சாக்லேட் துகளை முதலில் தட்டில் கொட்டி, பட்டர் பூசிய பாணை அதன்மேல் கவிழ்ப்பது. இவ்வளவு சின்னத் தலைகீழ் மாற்றமே வேலை செய்தது!

நாளைக் காலை செய்து பாருங்கள்:

1. சாப்பாட்டை வழக்கமான ஒழுங்கை மாற்றித் தயாரியுங்கள்.

2. உடனே, "எவையெல்லாம் சத்தம் எழுப்பும்?" என்று இரண்டு நிமிடம் எழுதுங்கள். எத்தனை வகை வந்தது என்பதைக் கவனியுங்கள். பஸ், லொறி, ஓட்டோ மூன்றும் ஒரே வகைதான். வழக்கமான நாளொன்றில் வேறொரு கேள்வியை வைத்து ஒப்பிடுங்கள்.

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. நிலாக் காலத்தில் தோணியில் வாவிக்குள் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியில் காதை வையுங்கள். 'பாடும் மீன்' என்று சொல்லப்படும் அந்த வாவியின் இசை போன்ற ஒலி கேட்காவிட்டாலும் அது நீங்களே இறங்கிப் பெற்ற அனுபவம். நீச்சல் தெரிந்த தோணிக்காரரோடு மட்டும் போங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஆய்வில் அளந்தது அனுபவம் முடிந்த கையோடு வந்த யோசனைகளை, கதையின் தரத்தை அல்ல. ஆகவே கொப்பியைக் கூடவே கொண்டுபோங்கள்.