மெடல் வரட்டும் என்று ஒளித்துவைத்த சாவு

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. ஆறு வயதிலிருந்து நீச்சல். போன ஆகஸ்டில் புவனேஸ்வரில் ஜூனியர் நேஷனல்ஸ். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 2:12 எடுத்து வெள்ளி வாங்கினாள். அதற்குப் பிறகு 2:17-ஐ விட்டு இறங்கவே இல்லை. இப்போது இரண்டு மாதமாக பூலுக்கே வரமாட்டேன் என்கிறாள். நான் வேலைக்குப் போவதால் தினமும் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு அவளைக் கூட்டிப்போனது என் மாமியார். அவரும் நேஷனல்ஸ் சமயத்தில் தவறிவிட்டார். மனசு கலையக் கூடாதென்று அவள் திரும்பி வந்த பிறகுதான் சொன்னோம். தினிதி தேசிங்கு 14 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டாள். கோச்சை மாற்றலாமா? ஸ்போர்ட்ஸ் சைக்காலஜிஸ்ட்டிடம் காட்டலாமா? வரும் ஆகஸ்டுக்குள் எப்படித் தயார் செய்வது?
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: கோச் விஷயம் அப்புறம். "அவரும் தவறிவிட்டார்" என்று ஓர் 'உம்' போட்டு நகர்ந்துவிட்டீர்களே அம்மா, பால்காரரும் வரவில்லை என்பது போல. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

ஒன்பது வருடம். பெங்களூரு டிசம்பர் குளிரில், விடிவதற்கு முன்னால், பூல் ஓரத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த மனுஷி அவர். அந்தப் பெண் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கும்போதெல்லாம் முதலில் பார்த்தது அவர் முகமாகத்தான் இருக்கும். அவர் போனதை அவளிடமே மறைத்தீர்கள். புவனேஸ்வரிலிருந்து ராத்திரி போன் செய்தபோது "பாட்டிகிட்ட குடு" என்று கேட்காமலா இருந்திருப்பாள்? என்ன சொன்னீர்கள், தூங்குகிறார் என்றா? அதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் பாட்டி செத்தால் பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். நடக்கத் தெரியாததைக்கூட இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பிடிக்க வைப்பார்கள். உங்கள் வீட்டில் ஒரே பேத்தி. பந்தத்தை யார் பிடித்தது?

நல்லதை நினைத்துத்தானே செய்தீர்கள் என்று நான் தேற்றுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன். பரீட்சைக்காக, இன்டர்வியூவுக்காகச் சாவை ஒளித்துவைத்த வீடுகளிலிருந்து எனக்கு எத்தனையோ கடிதம் வந்திருக்கிறது. பிள்ளை பாஸாகிவிடும். ஆனால் அப்புறம் வீட்டிலிருந்து எந்த போன் வந்தாலும் இதில் என்ன மறைக்கிறார்கள் என்றுதான் கேட்கும். சாவு வீட்டில் இருக்கவேண்டியது பிள்ளைகளுக்கும் உள்ள கடமை. அதை அவர்களிடமிருந்து பிடுங்க அப்பா அம்மாவுக்கு உரிமை கிடையாது. இதில் நான் பழைய காலத்து ஆள்தான்.

அந்த 2:12-ஐ அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். பாட்டி ஐஸ்பெட்டியில் கிடந்தபோதோ, எல்லாம் முடிந்த மறுநாளோ, ஒன்றும் தெரியாமல் நீந்திய நேரம் அது. அதைவிட வேகமாக நீந்த அவளுக்கு எப்படிக் கை வரும்? அந்த வெள்ளி மெடல் இப்போது வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

உடம்பையும் பார்த்துவிடுங்கள், அதையும் தள்ள முடியாது. இந்த வயதில் உயரமும் எடையும் மாறும்போது தண்ணீரில் உடம்பு மிதக்கிற விதமே மாறும். பெண் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடம் டைமிங் நகராமல் நிற்பது சகஜம். இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படித்தான் சோர்ந்துபோவார்கள், ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்த்துவைத்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கோச்சை மாற்றாதீர்கள், அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சைக்காலஜிஸ்ட்டிடம் தாராளமாகப் போங்கள், ஆனால் ஐந்து விநாடியைக் குறைத்துக் கொடுங்கள் என்று போய் நிற்காதீர்கள்.

தினிதியை இழுத்தீர்கள். நெய்வேலியில் வளர்ந்த நீச்சல் வீரர் சஜன் பிரகாஷையும் பாருங்கள். 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸ் போனார். அதன் பிறகு கழுத்தில் டிஸ்க் விலகிப் படாத பாடு பட்டார். 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் 1:56.38. ஒலிம்பிக்ஸுக்கு நேரடியாகத் தகுதி தரும் 'ஏ' நேரம் 1:56.48. அதை எட்டிய முதல் இந்தியர் அவர்தான், அப்போது அவருக்கு வயது 27. உங்கள் பெண்ணுக்கு அந்த வயது வர எத்தனை ஆகஸ்ட் இருக்கிறது, விரல் விட்டு எண்ணுங்கள்.

சரி, இப்போது செய்யவேண்டியது. நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். (செத்தது அவருடைய அம்மா. அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவராவது அழுதாரா?) பேச்சில் "ஆனால்" வரக் கூடாது. அப்புறம் காரியம் நடந்த இடத்துக்கு அவளைக் கூட்டிப்போங்கள். யார் யார் வந்தார்கள், பாட்டி கடைசியாக என்ன சாப்பிட்டார், பேத்தியைக் கேட்டாரா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். பூல் பேச்சை அவளாக எடுக்கட்டும். எடுத்தால், கொஞ்ச நாள் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் நீந்தட்டும்.

வரும் ஆகஸ்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாமியாருக்குத் தலைத்திவசமும் அதையொட்டித்தானே வரும்? திதி என்றைக்கு என்று பஞ்சாங்கத்தைப் பாருங்கள். நேஷனல்ஸோடு மோதினால் திவசத்துக்குத்தான் போகவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் போன வருடம் அவளைக் கேட்காமல் முடிவு செய்தீர்கள், இந்த வருடம் நானும் அதைச் செய்யக் கூடாது. இரண்டு தேதியையும் அவளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்கிறவரை வாயைத் திறக்காமல் இருங்கள்.