ஒரே தரம், இரண்டு விலை: எந்த வைரத்தை வாங்குவது?

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்கு ஒற்றைக் கல் வைர மோதிரம் வாங்க இரண்டு வருடமாகப் பணம் சேர்த்திருக்கிறேன். கடையில் ஒரு காரட் கல் காட்டினார்கள். நிறம் ‘ஜி’, தெளிவு ‘விஎஸ்1’, வைரங்களைத் தரம் பார்த்துச் சொல்லும் அமெரிக்க நிறுவனமான ஜிஐஏவின் அறிக்கையும் இருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர், மொத்த வியாபாரிகளிடம் நேரடியாக எடுத்துத் தருவதாகச் சொல்லி, அதே ஒரு காரட், அதே ஜி, அதே விஎஸ்1 கல்லை மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்து, மோதிரமாகவே செய்து தருகிறேன் என்கிறார். அதற்கும் சான்றிதழ் உண்டு, ஆனால் வேறு நிறுவனத்தினுடையது. வாங்கலாமா? பாட்டியின் பழைய வைர மோதிரத்தைத் தருகிறேன் என்று அம்மாவும் சொல்கிறார். இன்னொன்று, நான் கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தெரியாமல் அவர் விரல் அளவை எடுப்பது எப்படி?

பதில்: மாமாவுக்குத் தெரிந்தவரிடம் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு தாளிலும் ஒரே எழுத்து இருப்பதால் இரண்டும் ஒரே கல் என்று நினைக்கிறீர்கள். எடை விஷயத்தில் அது சரி. ஒரு காரட் என்றால் 200 மில்லிகிராம், தராசில் வைத்தால் தெரிந்துவிடும், யாரும் வாதாட முடியாது. நிறமும் தெளிவும் அப்படி இல்லை. மாதிரிக் கற்களின் வரிசைக்குப் பக்கத்தில் கல்லை வைத்து, கண்ணால் பார்த்து நிறத்தைச் சொல்கிறார்கள். பத்து மடங்கு பெரிதாக்கி, கல்லின் உள்ளே இருக்கும் புள்ளிகளைப் பார்த்துத் தெளிவைச் சொல்கிறார்கள். ஒருவருக்கு ‘ஜி’ என்று படுவது இன்னொருவருக்கு ‘ஐ’ என்று படலாம். எழுத்து பின்னுக்குப் போகப் போகக் கல்லில் மஞ்சள் கூடுகிறது என்று அர்த்தம்.

டி முதல் இசட் வரையிலான இந்த நிற அளவை 1950களில் உருவாக்கியது ஜிஐஏ. ஏ, பி, சி என்று தொடங்காமல் ஏன் டி-யில் தொடங்கினார்கள் தெரியுமா? அந்த எழுத்துகளை வியாபாரிகள் அதற்கு முன்பே இஷ்டத்துக்கு ஒட்டி ஒட்டி அவற்றுக்கு அர்த்தமே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான் புது எழுத்து. இப்போது புது எழுத்துக்கும் அதே கதி. ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ஒரு நுண்ணோக்கியும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் ‘ஜி, விஎஸ்1’ என்று அச்சடித்துக் கொடுக்கலாம். அந்தத் தாளுக்குக் கட்டணம் கட்டுவது யார்? கல்லை விற்பவர். பரீட்சை எழுதுகிறவனே திருத்துகிறவருக்குக் கூலி கொடுக்கிற ஏற்பாடு இது. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல்தான் வருகிறது.

ஆக, கணக்கு இதுதான். கை தாராளமான நிறுவனத்தின் ‘ஜி, விஎஸ்1’ கல்லைக் கண்டிப்பான இடத்தில் கொடுத்தால் ‘ஐ, எஸ்ஐ1’ என்று, நிறத்திலும் தெளிவிலும் இரண்டிரண்டு படி இறங்கித் திரும்பி வரலாம். அந்தக் கல்லின் விலையே அவ்வளவுதான். உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத் தோன்றுவது சலுகையே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜிஐஏ தான் கொடுப்பதைச் சான்றிதழ் என்று சொல்வதில்லை, அறிக்கை என்றுதான் சொல்கிறது. அதில் விலையும் இருக்காது. கூடவே ‘மதிப்பு இவ்வளவு’ என்று பெரிய தொகை போட்ட தாள் ஒன்றைக் கொடுத்து, அதில் பாதிக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தத் தொகையும் அவர்கள் எழுதியதுதான்.

மாமா முகத்துக்காகத் தயங்குகிறீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. அந்த நபரிடம் இப்படிச் சொல்லுங்கள்: “கல்லை மோதிரத்தில் பதிக்காமல் அப்படியே ஜிஐஏவுக்கு அனுப்புங்கள். கட்டணம் நான் தருகிறேன். ஜி, விஎஸ்1 என்று வந்தால் நீங்கள் சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்.” நாள் ஆகும், கல் வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது, எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று பேச்சு திரும்பினால் அதுவே உங்களுக்குப் பதில்.

இந்தத் ‘தெரிந்தவர்’ இனத்தைப் பற்றி எனக்குத் தனிக் கோபம் உண்டு. பட்டை தீட்டும் பட்டறையிலிருந்து நேராக வருகிறது என்பார்கள். நூற்றுக்கணக்கில் கல் எடுக்கும் கடைக்குக் கொடுக்காத விலையை, வருடத்துக்கு நாலு கல் எடுக்கும் ஆளுக்கு எந்தப் பட்டறை கொடுக்கும்? நடுவில் அவருக்கும் கமிஷன் உண்டு, அவருக்குக் கொடுத்தவருக்கும் உண்டு. ரசீது கேட்டால் “நமக்குள்ளே எதற்கு?” என்று சிரிப்பார். ஆறு மாதம் கழித்துக் கல்லில் கோளாறு என்று தெரிந்தாலும், உறவு கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொள்வீர்கள். அவர் வியாபாரமே உங்கள் அந்தக் கூச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. கடைக்காரரிடம் சண்டை போடலாம். மாமாவின் சிநேகிதரிடம் எப்படிப் போடுவது?

‘மோதிரமாகவே செய்து தருகிறேன்’ என்பது அடுத்த பொறி. பதித்த கல்லை வாங்கவே கூடாது. பதித்த பிறகு எடை போட முடியாது, அளவை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஓரத்தில் விரிசல் இருந்தால் அதன் மேல் கல்லைப் பிடிக்கும் கொக்கி ஒன்று உட்கார்ந்துவிடும். பக்கத்து உலோகத்தின் சாயல் கல்லில் விழுவதால் நிறமும் சரியாகத் தெரியாது. ஜிஐஏ பதிக்காத கல்லுக்குத்தான் தர அறிக்கை கொடுக்கிறது.

என்னிடம் ஒருவர் மோதிரமும் அறிக்கையுமாக வந்தார், வாங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ‘சும்மா ஒரு தடவை பார்த்துவிடுங்கள்’ என்றார். கல்லின் இடை விளிம்பில் லேசரால் பொறித்த எண் அறிக்கையில் இருந்த அதே எண். அவர் முகத்தில் நிம்மதி. எனக்கு அந்த எழுத்தின் வடிவம் சற்றே உறுத்தியது. அறிக்கையில் அளவு 6.41 – 6.44 × 3.98 மில்லிமீட்டர் என்று இருந்தது. அளவியை எடுத்துக் குறுக்கே வைத்தேன். முள் 6.2-ல் நின்றது. திருப்பித் திருப்பி வைத்தும் 6.2-தான். வைரம் பதிக்கப் போய் வந்ததில் தேய்ந்து போகாது. ஒரு காரட் அறிக்கைக்குக் கீழே ஏறக்குறைய 0.90 காரட் கல் உட்கார்ந்திருந்தது. எண்ணைப் பொய்யாகப் பொறிக்க முடியும். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தில் இயற்கை வைரத்தின் அறிக்கை எண்ணைப் பொறித்து அனுப்பியதை ஜிஐஏவே பிடித்து வெளியிட்டிருக்கிறது. அதனால் எண் ஒத்துப்போகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். அளவும் எடையும் உள்ளே இருக்கும் புள்ளிகளின் இடமும் ஒத்துப்போக வேண்டும். கல்லைப் பதிக்கக் கொடுக்கும் முன் லென்ஸ் வழியாக நீங்களே ஒருமுறை பாருங்கள், திரும்பி வந்ததும் பாருங்கள். எண்ணின் மேல் கொக்கி விழாமல் பதிக்கச் சொல்லுங்கள்.

இனி கடைக் கல். அதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம். நீங்கள் ஜி, விஎஸ்1 என்று இரண்டைச் சொன்னீர்கள், கல்லை மின்ன வைக்கிற மூன்றாவதைச் சொல்லவே இல்லை. அதுதான் பட்டை தீட்டிய நேர்த்தி, ‘கட்’. மேலே விழும் ஒளி உள்ளே போய், அடிப் பட்டைகளில் மோதித் திரும்பி, உங்கள் கண்ணுக்கு வரவேண்டும். அடிப்பக்கம் அளவுக்கு மீறி ஆழமாக இருந்தாலும், தட்டையாக இருந்தாலும் ஒளி கீழே ஒழுகிவிடும், கல் மந்தமாகக் கிடக்கும். ஆழமாக விட்டால் எடை கூடும் என்பதால் வேண்டுமென்றே அப்படித் தீட்டுகிறவர்கள் உண்டு. ஒரு காரட் வட்டக் கல் குறுக்கே சுமார் 6.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 6.0 என்றால் மீதி எடை வயிற்றில் ஒளிந்திருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியாத அந்த எடைக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். வட்டக் கல்லுக்கான ஜிஐஏ அறிக்கையில் கட் என்ற இடத்தில் ‘எக்ஸலன்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கல்லைக் கேளுங்கள்.

அதற்குப் பணம் போதவில்லை என்றால் விஎஸ்1-ஐ விட்டுக்கொடுங்கள். விஎஸ்1-க்கும் விஎஸ்2-க்கும் வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் ‘ஐ’ நிறமே தாராளம், தங்கத்தின் மஞ்சளில் அது கரைந்துவிடும். முழு ஒரு காரட் என்ற எண்ணுக்காகவே விலை ஒரு படி தாவும். 0.90 காரட் கல் அகலத்தில் 0.3 மில்லிமீட்டர்தான் குறைவு. விரலில் யார் ஸ்கேல் வைத்து அளக்கப் போகிறார்கள்?

கல்லைப் பார்க்கும்போது கடையின் விளக்குக்குக் கீழே பார்க்காதீர்கள். அந்த விளக்குக்குக் கீழே கண்ணாடித் துண்டும் ஜொலிக்கும். ஒரு வெள்ளைத் தாளைப் பள்ளமாக மடித்து, கல்லைத் தலைகீழாக அந்த மடிப்பில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பாருங்கள். மஞ்சள் இருந்தால் அங்கே தெரியும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ரசீதில் ‘இயற்கை வைரம்’ என்று எழுதி வாங்குங்கள். பேனா மாதிரி ஒரு கருவியைத் தொட்டுக் காட்டி ‘பீப்’ சத்தம் வந்ததும் அசல் என்பார்கள். அந்தக் கருவி வெப்பம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்றுதான் பார்க்கிறது. இரண்டுமே கரிமம், இரண்டுக்கும் ஒரே பீப்தான். வைரம் மாதிரியே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லுக்கும்கூட அது அடிக்கும். வளர்த்த வைரம் வாங்குவதில் தப்பே இல்லை, விலை பல மடங்கு குறைவு. அதை மற்றதாக விற்பதுதான் திருட்டு. எதுவானாலும் ‘முதலீடு’ என்ற சொல்லை நம்பாதீர்கள். திருப்பி விற்கப் போனால் இரண்டும் உங்கள் முகத்தை வாட வைக்கும்.

பதித்த கல்லை வாங்கவே கூடாது என்றேன். அதற்கு விலக்கு உங்கள் பாட்டியின் மோதிரம். அங்கே எதுவும் வாங்கவில்லை அல்லவா? உண்மையில் உங்கள் கேள்வியில் எனக்கு ஆசை வந்தது அந்த ஒரு வரியில்தான். பழைய வைரங்கள் விளக்கொளியிலும் மெழுகுவத்தி ஒளியிலும் பார்ப்பதற்காகக் கையால் தீட்டப்பட்டவை. பட்டைகள் பெரியவை. நேர் மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டியதால் வருவது அது. குறை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்றைய அளவுகோலில் அந்தக் கல் தேறாது. ‘கொடுங்கள், புதுசு மாதிரி தீட்டித் தருகிறேன்’ என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். கொடுத்தால் எடையும் போகும், பழைய கல்லுக்கு இருக்கும் தனி மதிப்பும் போகும். முதலில் அது வைரம்தானா என்று பாருங்கள், ஏனென்றால் அந்தக் காலத்தில் வெள்ளை சிர்கானும் வைரமாக நடமாடியது. லென்ஸ் வழியாகச் சற்றே சாய்த்துப் பார்க்கும்போது அடிப் பட்டைகளின் விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் அது வைரம் இல்லை. மோதிரத்தின் பின்பக்கம் மூடியிருந்தால் தண்ணீரில் போட்டுக் கழுவாதீர்கள். உள்ளே மினுக்குத் தகடு வைத்திருப்பார்கள், நனைந்தால் கறுத்துவிடும். பல வருடம் போட்ட மோதிரத்தில் கொக்கிகள் தேய்ந்து தாள் மாதிரி ஆகியிருக்கும். கல் விழுவதற்குள் கொக்கிகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, குறுக்களவைத் தாளில் எழுதி, வேலை செய்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் எதிரில் உட்கார்ந்தே செய்து வாங்குங்கள். அறிக்கை இல்லாத பழைய கல்தான் மாற்றுவதற்கு மிகவும் சுலபமான கல். அது மாறிப்போனால் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

புதுக் கல்தான் என்று முடிவு செய்தால், ரசீதில் நடுக் கல்லின் எடை தனியாக இருக்கட்டும். ‘மொத்தம் ஒரு காரட்’ என்பது சுற்றியுள்ள பொடிக் கற்களையும் சேர்த்த கணக்கு. அறிக்கை எண், உலோகத்தின் தரம், எத்தனை நாளுக்குள் முழுப் பணத்தோடு திருப்பலாம் என்பதும் எழுத்தில் வேண்டும். 18 காரட் தங்கமானால் உள்பக்கம் 750 என்றும் பிளாட்டினமானால் 950 என்றும் இருக்கும். அந்த முத்திரை உலோகத்தை மட்டும்தான் சொல்கிறது, கல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. ‘முத்திரை போட்ட மோதிரம், பயமே இல்லை’ என்று விற்பவர் அதைச் சொல்ல மாட்டார்.

விரல் அளவுக்கு, நீங்கள் கட்டிக்கொள்ளப் போகிறவர் போடும் மோதிரம் ஒன்றை ஒரு மணி நேரம் எடுத்து, கடையில் அளவுக் கோலில் மாட்டிப் பாருங்கள். எந்தக் கை, எந்த விரலில் போடுவது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு கையிலும் அதே விரல் ஒரே அளவில் இருப்பதில்லை. சந்தேகம் வந்தால் அரை அளவு பெரிதாக எடுங்கள், பின்னால் சுருக்கிக்கொள்ளலாம். சுற்றிலும் கல் பதித்த மாடல் வேண்டாம், அதைச் சுருக்கவும் முடியாது, பெரிதாக்கவும் முடியாது.