பனியே விழாத ஊரில் ஸ்நோ மோட் எதுக்கு?

அரையாண்டு லீவுக்கு வடக்கே கிளம்புகிறவர்கள் அதிகம் போலிருக்கிறது, இந்த முறை வந்த கேள்விகளில் பாதி இந்த ஒரு பட்டனைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அண்ணே, புது கிரெட்டா காரில் ஸ்நோ (பனி), மட் (சேறு), சாண்ட் (மணல்) என்று மூன்று மோட் இருக்கு. மதுரையில் இருக்கிறவனுக்கு ஸ்நோ மோட் தண்டம்தானே? (அண்ணாநகர்)

ப: முழுத் தண்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த பட்டனுக்குப் பின்னால் தனியாக ஒரு இயந்திரமும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற இன்ஜின், கியர்பாக்ஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) மூன்றையும் அடக்கி வாசிக்கச் சொல்கிற புரோகிராம்தான். ஆக்ஸிலேட்டரை அவசரமாக மிதித்தாலும் இழுவை மெதுவாகத்தான் வரும், சக்கரம் வழுக்கிச் சுழலப் பார்த்தால் உடனே சக்தியைக் குறைக்கும், சில வண்டிகள் இரண்டாவது கியரிலேயே கிளம்பும். ஆனால் உங்கள் வண்டியில் முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும், பட்டனை அமுக்கியதும் அது ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. நம்ம ஊரில் என்றால் மழை விட்டதும் கண்மாய்க் கரையில் ஈரப்புல் மேல் ஏறும்போது போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் சேற்றில் மட் மோட் போடுங்கள், அங்கே சக்கரம் கொஞ்சம் சுற்றினால்தான் சேற்றை உதறிவிட்டு வெளியே வரும்.

கே: ரிங் ரோடு தாண்டி என்.எச். 44-ஐப் பிடித்தால் நேரே ஸ்ரீநகர் என்கிறார்கள். ஜனவரியில் குடும்பத்தோடு செல்டாஸ் டீசல் காரில் காஷ்மீரின் குல்மார்க் வரை போகலாமென்று இருக்கிறோம். ஸ்நோ மோட் இருக்கே, போதாதா? (திருநகர்)

ப: போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஸ்நோ மோட் உதவுவது வண்டி கிளம்பவும் சீராக ஓடவும்தான். நிறுத்துவதும் திருப்புவதும் டயர் வேலை. காய்ந்த தார் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்தால் பத்து மீட்டருக்குள் நின்றுவிடுகிற அதே வண்டி, கண்ணாடி மாதிரி உறைந்த ரோட்டில் 60 மீட்டரைத் தாண்டியும் போகும். ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) காலுக்கடியில் தடதடக்கும், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கையில் கொடுக்கும், அவ்வளவுதான், தூரத்தைக் குறைத்துவிடாது. பனியில் மோட் போட்டதும் வண்டி அடக்கமாகக் கிளம்பும், உடனே நமக்கும் தைரியம் வந்து வேகம் ஏறும், அடுத்த இறக்கத்தில் மாட்டிக்கொள்வோம்.

நம்ம ஊர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பித்துவிடும், பட்டன் எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி. குல்மார்க்குக்குக் கீழே இருக்கிற தங்மார்க்கிலிருந்து மேலே ஏற, பனிக்காலத்தில் சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டும். உங்கள் வண்டிக்கு அதை முன் சக்கரத்தில்தான் மாட்ட வேண்டும், மாட்டியபின் 50-ஐத் தாண்டவே கூடாது. என்னைக் கேட்டால் தங்மார்க்கிலேயே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளூர்க்காரர் ஓட்டும் சங்கிலி போட்ட வண்டியில் போவதுதான் புத்திசாலித்தனம்.

கிளம்பும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் நம்ம பக்கம் நிறைய, அது உறைந்தால் இன்ஜின் பிளாக்கே வெடிக்கலாம். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 35 வரை பயமில்லை. 10 டிகிரி குளிர்ந்தால் டயரில் ஒன்றரை, 2 பிஎஸ்ஐ காற்று இறங்கும், அதனால் அங்கே போய்க் காலையில் வண்டி எடுக்கும் முன் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள். டீசலையும் அங்குள்ள பங்க்கில் போடுவது நல்லது. சமவெளி டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். லடாக் குளிருக்கென்றே மைனஸ் 33 தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது இதற்காகத்தான். அப்புறம் ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு விடாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளமாகப் பார்த்து கியரில் நிறுத்துங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில்.

கே: கொடைக்கானல் மலைப்பாதையில் மார்கழிக் குளிருக்கு ஸ்நோ மோட் போடலாமா? (சோழவந்தான்)

ப: வேண்டாம். கொடையில் பனிப்பொழிவு கிடையாது, விடிகாலையில் புல்மேலும் கார் கண்ணாடிமேலும் உறைபனி படியும், அவ்வளவுதான். ரோடு காய்ந்திருக்கும்போது வத்தலக்குண்டு பக்கம் இறங்குகையில் இந்த மோட் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யலாம். ஏனென்றால் பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அது கியரை மேலே ஏற்றி வைக்கும், இன்ஜின் வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்காது, கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருவீர்கள், பாதி வழியில் தீய்ந்த வாடை வரும். மேனுவலுக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்குங்கள். மூடுபனி என்றால் லோ பீம். கண்ணாடியில் படிந்த உறைபனிக்கு ரூமிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள், விரிசல் விடும், செய்யாதீர்கள்.

கே: என்னுடையது பழைய ஸ்விஃப்ட், மோட் எதுவும் இல்லை. (மேலூர்)

ப: வழுக்கும் இடத்தில் இரண்டாவது கியர் போட்டு, ஹாஃப் கிளட்சில், ஆக்ஸிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளப்புங்கள். ஸ்நோ மோட் செய்வதில் முக்கால்வாசி இதுதான்.

கே: மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போகும்போது ஆற்று மணலில் மாட்டிக்கொண்டோம். ஸ்நோ மோட் போட்டதும் வண்டி நகரவே இல்லை. (உசிலம்பட்டி)

ப: நகராது. மணலில் சக்கரம் சுற்ற வேண்டும், இது சுற்ற விடாது. சாண்ட் மோட் போடுங்கள், இல்லாத வண்டியில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை ஆஃப் செய்துவிட்டு டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். ரோடு ஏறியதும் மறக்காமல் அடித்துவிடுங்கள்.

கே: கர்டர் பாலத்தடியில் மழைத்தண்ணீர் நிற்கும்போது? (ஆரப்பாளையம்)

ப: எந்த மோடும் வேண்டாம், சுற்றிப் போங்கள். உள்ளே விட்டு வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.