சென்னை–டொராண்டோ: டிக்கெட்டில் இருக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு

தம்பி, இணையத்தில் 13,400 கிலோமீட்டர், 15 மணி நேரம் என்று காட்டுகிறது. டிக்கெட்டிலோ அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி அன்று மாலை 4 மணிக்கே டொராண்டோவில் இறங்குவதாக இருக்கிறது. எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. ஜூலையில் வருகிறீர்கள் என்பதால் உங்கள் பயணம் இருபத்திரண்டரை மணி நேரம்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள். கோடையில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். வரும்போது டிக்கெட்டில் ஏறும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியோடு (உங்களுக்கு 13 மணி நேரம்) அதைக் கூட்டுங்கள், ஊருக்குத் திரும்பும்போது கழியுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரை மணி நேரம்.

அந்த 13,400 என்பது பூமி உருண்டையின் மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. ஆர்க்டிக் வரை ஏறி இறங்கும். அதை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்தால் 15 வரும், அவ்வளவுதான். சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. பிராங்க்பர்ட் வழி என்றால் 7,600, அப்புறம் 6,350. துபாய் வழி என்றால் 2,930, அப்புறம் 11,080. எப்படிப் போனாலும் 14,000 பக்கம்தான், ஆகாயத்தில் இருப்பதும் ஏறக்குறைய பதினெட்டு மணி நேரம். அதனால் தூரத்தைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள்; நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

இரண்டரையிலிருந்து நான்கு மணி நேரம் இருந்தால் நிம்மதி. ஒன்றேகால் மணி நேர இடைவெளியிலும் டிக்கெட் விற்பார்கள். முதல் விமானம் அரை மணி தாமதமானால் நீங்கள் ஓடிப்போய் ஏறிவிடலாம், பெட்டி ஏறாது. பிராங்க்பர்ட்டில் மறுபடியும் பாதுகாப்புச் சோதனை உண்டு. கைப்பையில் ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே போய்விடும். பெரிய பெட்டியில் போடுங்கள்.

இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் ஆயிரம் இரண்டாயிரம் மிச்சமாகலாம், ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் புது டிக்கெட் உங்கள் செலவு. அமெரிக்கா வழியாக மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்: விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது நேரம் கொஞ்சம் குறையும். அட்லாண்டிக்கின் மேல் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிப்பதால் பிராங்க்பர்ட்டிலிருந்து டொராண்டோ வர எட்டரை மணி நேரம் என்றால், திரும்பும்போது ஏழு, ஏழரை.

தேதியில்தான் பலர் ஏமாறுவார்கள். திங்கள் மாலை 6 மணிக்கு டொராண்டோவில் ஏறினால் சென்னையில் இறங்குவது புதன் அதிகாலை 1 மணி. ‘புதன் ராத்திரி ஒரு மணி’ என்று வீட்டில் சொல்லிவிட்டால் கார் 24 மணி நேரம் கழித்து வந்து நிற்கும். ‘செவ்வாய் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்’ என்று சொல்லுங்கள்.