மந்திரம் இருந்தும் அக்கா ஏன் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள்?

உங்கள் நாவலில் அக்கா தப்பி ஓடினால் அந்த மணமேடையில் தங்கை உட்கார வேண்டிவரும் என்று ஆக்குங்கள். "தீயை வரவழைக்கத் தெரிந்த இளவரசி எதிரி அரசனைக் கட்டிக்கொள்ள ஏன் தலையாட்டுகிறாள்?" என்று உங்கள் நாவலைப் படித்தவர்கள் கேட்பது நின்றுவிடும்.

வரலாற்றிலேயே இது நடந்திருக்கிறது. நேப்பிள்ஸ் மன்னருக்கு நிச்சயிக்கப்பட்ட ஆஸ்திரிய இளவரசி மரியா யோசெஃபா 1767இல் பெரியம்மையால் இறந்துபோனாள். அடுத்த ஆண்டே அதே மன்னருக்குத் தங்கை மரியா கரோலினாவை மணமுடித்தார்கள். அரண்மனைகளுக்கு வேண்டியது உறவு. எந்த மகள் என்பது அப்புறம்தான்.

உங்கள் கதையில் மந்திரத்துக்கு எந்த விலையும் இல்லாததுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. ஒன்று செய்து பாருங்கள்: சம்மதிக்கும் அத்தியாயத்தில் மந்திரம் வரும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் படியுங்கள். அவள் முடிவு கொஞ்சமும் மாறவில்லையா? அப்படியானால் மந்திரம் கதைக்குள் இறங்கவே இல்லை.

அதன் எல்லையை அந்த அத்தியாயத்திலேயே புதிதாகச் சொல்லாதீர்கள், சாக்குப்போல் தெரியும். இரண்டு மூன்று அத்தியாயம் முன்பே அது அவளைச் சுட்டிருக்க வேண்டும்.

தங்கையையும் வெறும் பணயமாக விட்டுவிடாதீர்கள். அந்த அரசனைக் கட்டிக்கொள்ள அவளுக்கே ஆசை இருக்கலாம் இல்லையா?