நூலகத்தில் யார் என்ன படிக்கிறார்கள் என்று போலீஸ் கேட்டால் நூலகர் சொல்ல வேண்டுமா?

கேள்விக்குக் கீழேயே "தப்பு செய்யாதவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்குத்தான் பதில் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் ஒரு தப்பும் செய்யாமலேயே நான் பயந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மேசைமேல் ஒரு நீளமான பதிவேடு எப்போதும் திறந்தே கிடக்கும், பக்கத்தில் சணல் கயிற்றில் கட்டிய பேனா. உறுப்பினர் எண், பெயர், புத்தகத்தின் பெயர், கையெழுத்து. நமக்கு முன்னால் வந்த பத்துப் பேர் என்னென்ன எடுத்தார்கள் என்று கையெழுத்துப் போடும்போதே படித்துவிடலாம். அக்கா அப்போது புகுந்த வீட்டில் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள், எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். விவாகரத்து, ஜீவனாம்சம் பற்றி எளிய தமிழில் எழுதிய ஒரு சட்டப் புத்தகத்தை அலமாரியில் பார்த்து எடுத்துவந்தேன். மூன்றாம் நாள் பெரியப்பா வாசலில் நின்றுகொண்டு அப்பாவிடம், "உன் சின்னப் பொண்ணு எதுக்குடா டைவர்ஸ் புத்தகம் படிக்கிறா?" என்று கேட்டார். அந்த நூலகர் கெட்டவர் இல்லை. டீக்கடையில் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் மறுநாளே புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் எடுக்கத் துணிவில்லாமல், சாயங்காலங்களில் அலமாரி இடுக்கில் நின்றபடியே படித்து, முக்கியமான சட்டப்பிரிவுகளைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு வருவேன். அக்கா கோர்ட்டுக்குப் போக இன்னும் இரண்டு வருடம் ஆனது.

சரி, இது ஊர் வாய். அரசாங்கமே கேட்டால்? அதற்கு அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்ததைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

அந்த மாநிலத்தில் 25க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பொதுவாகக் கணினி வசதி செய்துகொடுக்கும் லைப்ரரி கனெக்‌ஷன் என்றொரு சிறிய அமைப்பு உண்டு. அதன் நிர்வாகி ஜார்ஜ் கிறிஸ்டியனிடம் 2005 ஜூலையில் அந்நாட்டு மத்தியப் புலனாய்வுப் போலீஸான எஃப்பிஐயின் ஆட்கள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி மாலை 4 மணியிலிருந்து 4.45 வரை ஒரு குறிப்பிட்ட ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணைப், பயன்படுத்தியவர்கள் பற்றிய தகவல் முழுவதும் வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த முகவரி ஒரு நூலகத்துக்கு உரியது. ஐந்து மாதம் கழித்து, அந்த முக்கால் மணி நேரம் எந்தக் கணினியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று தனியாகப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஆக, அன்று மாலை அங்கே வந்துபோன எல்லோரையும் சேர்த்துப் பிடித்துக் கொடு என்றுதான் அதற்கு அர்த்தம்.

அந்த வகைக் கடிதத்துக்குத் தேசியப் பாதுகாப்புக் கடிதம் என்று பெயர். எந்த நீதிபதியும் கையெழுத்துப் போடத் தேவையில்லை, எஃப்பிஐ தானே எழுதித் தானே அனுப்பலாம். பயங்கரவாதத்தைத் தடுக்க என்று 2001இல் வந்த பேட்ரியாட் சட்டம் இந்த அதிகாரத்தை ரொம்பவே விரித்துவிட்டிருந்தது. எனக்கு இதில் மிகவும் கொடுமையாகத் தெரிவது கூடவே போட்ட வாய்ப்பூட்டுதான். கடிதம் வந்த விஷயத்தையே யாரிடமும் சொல்லக்கூடாது, பெற்ற பிள்ளையிடம்கூட.

கிறிஸ்டியன் தன் அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்த மூன்று நூலகர்களை அழைத்தார்: பார்பரா பெய்லி, பீட்டர் சேஸ், ஜேனட் நோசெக். பெரிய பதவியோ பின்பலமோ உள்ளவர்கள் இல்லை, சின்ன ஊர்களின் பொது நூலகங்களை நடத்திக்கொண்டிருந்தவர்கள். நான்கு பேரும் சேர்ந்து, தரமாட்டோம் என்று முடிவெடுத்து, சிவில் உரிமை வழக்கறிஞர்களின் துணையோடு வழக்குப் போட்டார்கள். பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் வழக்கில் அவர்கள் பெயர் 'ஜான் டோ', பெயர் மறைக்க அங்கே வைக்கும் பொதுப்பெயர். பிரிட்ஜ்போர்ட் நகரில் விசாரணை நடந்தபோது தங்கள் சொந்த வழக்கையே நேரில் பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை. வேறொரு ஊரான ஹார்ட்ஃபோர்டின் நீதிமன்றத்தில், பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து டிவியில்தான் பார்த்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

இதற்கிடையில் பேட்ரியாட் சட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று நாடாளுமன்றத்தில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே, 2003இல், யார் என்ன படிக்கிறார்கள் என்று அரசு நோண்டும் என நூலகர்கள் கிளப்பும் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று அன்றைய அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) ஜான் ஆஷ்கிராஃப்ட் கேலி செய்திருந்தார். அந்தப் பயம் நிஜம் என்று கையில் கடிதத்தோடு இருந்தவர்கள் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2005 செப்டம்பரிலேயே நீதிபதி ஜேனட் ஹால் வாய்ப்பூட்டு செல்லாது என்று சொல்லியும், அரசு மேல்முறையீடு செய்து இழுத்தது. 2006 மார்ச்சில் சட்டம் நீட்டிக்கப்பட்டது. சில வாரங்களிலேயே, வாய்ப்பூட்டுக்காக இனி வாதாடமாட்டோம் என்று அரசு பின்வாங்கியது. ஜூன் மாதம் கேட்ட தகவலும் வேண்டாம் என்று எஃப்பிஐ விட்டுவிட்டது. அந்த நூலகர்கள் கொடுக்கவே இல்லை, அதனால் ஒரு ஆபத்தும் நேரவில்லை.

இவர்கள் போலீஸுக்கு எதிரிகள் இல்லை. ஒரு நீதிபதி காரணத்தைக் கேட்டு உத்தரவு போடட்டும் என்பதுதான் கேட்டது. நீங்கள் கேட்ட கேள்விக்கும் என் பதில் அதுதான்: உரிய உத்தரவோடு வந்தால், அதில் கேட்ட அளவுக்கு மட்டும் கொடுக்கலாம், வாய்வார்த்தையாகக் கேட்டால் கூடாது. நம் நாட்டிலும் தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக 2017இல் சொல்லியிருக்கிறார்கள். என்ன படிக்கிறேன் என்பதைவிட அந்தரங்கமானது வேறு என்ன இருக்கிறது? புற்றுநோய் பற்றி, கடன் பற்றி, தன் மதத்தைப் பற்றிய சந்தேகம் பற்றி, ஒருவர் வேறு யாரிடமும் கேட்க முடியாததைத்தானே முதலில் புத்தகத்திடம் கேட்கிறார்.

நான் இப்போது ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் இருப்பது கோஹா மென்பொருள், நியூசிலாந்தில் உருவான, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், இந்தியாவிலும் நிறைய நூலகங்களில் இருக்கிறது. புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயரை அதிலிருந்து நீக்கிவிட அதிலேயே வசதி உண்டு. நிறைய இடங்களில் யாரும் அதைத் தொடுவதே இல்லை. நான் பொறுப்புக்கு வந்த முதல் மாதமே அதைப் போட்டுவிட்டேன். இல்லாத தகவலை யாரும் கேட்டு வாங்க முடியாது, பாருங்கள்.

போன வருடம் பேராசிரியர் ஒருவர் வந்து, ஒரு குறிப்பிட்ட அரசியல் புத்தகத்தை எந்தெந்த மாணவர்கள் எடுத்தார்கள் என்று பட்டியல் கேட்டார். "எத்தனை பேர் எடுத்தார்கள்னு சொல்றேன் சார், யார்னு கேக்காதீங்க" என்றேன். "நானும் இந்தக் காலேஜ்தானே மேடம்" என்றார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு, பதினொரு பேர் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது, அந்தப் புத்தகம் இப்போது உள்ளே இருக்கிறதா என்று கேட்டு, தன் பெயரில் எடுத்துக்கொண்டு போனார்.