மறக்க முடியாத இந்தி நகைச்சுவைப் படங்கள் எவை? இத்தனை வருடம் கழித்தும் அவை அலுக்காமல் இருப்பது ஏன்?

என் கணக்கில் முதல் இடம் ரிஷிகேஷ் முகர்ஜியின் 'கோல் மால்' (1979). அடுத்தது குந்தன் ஷாவின் 'ஜானே பி தோ யாரோ' (1983). இவற்றுக்குப் பின்னால் வருகிற நாலைந்து படங்களின் வரிசை நாளுக்கு நாள் மாறும். ஆனால் ஏன் அலுக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் ஏமாற்றப்படுகிறார். பொய் சொல்லும் கதாநாயகனுக்குக் கொடுத்த அதே அக்கறையை, அந்தப் பொய்யை நம்புகிற மனிதருக்கும் கொடுத்து எழுதியிருக்கிறார்கள். எத்தனையாவது முறை பார்த்தாலும் என் கண் அவர் மேல்தான் இருக்கும்.

'தில்லு முல்லு' பார்த்தவர்களுக்கு 'கோல் மால்' கதையைச் சொல்லவே வேண்டாம். மீசை இல்லாதவனுக்கு ஒழுக்கம் கிடையாது, விளையாட்டுப் பைத்தியம் பிடித்தவன் உருப்பட மாட்டான் என்று நம்புகிற முதலாளி பவானி சங்கர். வேலைக்காக அவரிடம் பழைய காலத்துப் பிள்ளையாக நடிக்கிற ராம் பிரசாத். பொய் சொல்லி லீவு போட்டு ஹாக்கி மேட்ச் பார்க்கப் போன இடத்தில் முதலாளி கண்ணில் பட்டுவிடுகிறான். சமாளிக்க, மீசை இல்லாத ஒரு தம்பியை உருவாக்க வேண்டியதாகிறது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதற்கு ஒரு இரவல் அம்மா என்று அது வளர்ந்துகொண்டே போகும்.

ராம் பிரசாத்தாக நடித்த அமோல் பாலேகர் சினிமாவுக்கு வருவதற்கு முன் வங்கியில் வேலை பார்த்தவர். முகத்திலும் நடையிலும் நம் பக்கத்து வீட்டுப் பையன்தான். அதனால்தான் அவன் பொய்யும் நம் பொய் மாதிரி இருக்கிறது. ஆனால் படம் பவானி சங்கராக நடித்த உத்பல் தத்துடையது. கல்கத்தா நாடக உலகின் பெரிய ஆள் அவர். அரசியல் நாடகங்களுக்காகச் சிறைக்கும் போனவர். அப்படிப்பட்டவர் இந்த மீசைப் பைத்தியத்தைத் துளிகூட விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் நடித்திருக்கிறார்.

இன்டர்வியூ காட்சியைக் கவனித்துப் பாருங்கள். ராம் பிரசாத் போட்டிருக்கும் குர்தா இரவல், அளவில் குட்டை. இது என்ன இவ்வளவு குட்டை என்றால், எல்லோரும் இப்படிப் போட்டால் நாட்டுக்குத் துணி எவ்வளவு மிச்சம் என்கிற ரீதியில் அவன் ஒரு விளக்கம் கொடுப்பான். அந்த நேரம் நான் பாலேகரைப் பார்ப்பதே இல்லை. உத்பல் தத்தின் முகத்தில் முதலில் சின்னதாக ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். அப்புறம் வியப்பு. கடைசியில், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா என்கிற பூரிப்பு. அந்தப் பூரிப்பு உண்மையானது. அதனால்தான் சிரித்துக்கொண்டே அவருக்காக மனசும் இளகுகிறது. ரிஷிகேஷ் முகர்ஜி, பிமல் ராயிடம் எடிட்டராக இருந்து இயக்குநர் ஆனவர். பேசுகிறவனை விட்டுவிட்டுக் கேட்கிறவர் முகத்துக்கு எப்போது போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முடிவில் பவானி சங்கரைத் தண்டிக்கவும் இல்லை, அசடாக்கி ஓரம் கட்டவும் இல்லை. கல்யாணப் புகைப்படத்தில் அவரே மீசையை மழித்துக்கொண்டு நிற்கிறார்!

1981-ல் கே. பாலசந்தர் 'கோல் மால்' கதையைத் தமிழில் 'தில்லு முல்லு' என்று எடுத்தபோது ரஜினி முதன்முறையாக முழுநீள நகைச்சுவை செய்தார் என்றுதான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அது முதலாளியாக வந்த தேங்காய் சீனிவாசனின் படம். நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்து அந்தப் பெயரைச் சம்பாதித்தவர், உத்பல் தத் மாதிரியே மேடையில் பழகியவர். இரண்டு மொழியிலும் இந்த வேடத்துக்கு நாடகக்காரர்கள் அமைந்தது படத்துக்குப் பெரிய பலம். அபத்தமான ஒரு நம்பிக்கையைக் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லவும் வேண்டும், அது உண்மை என்று நமக்குத் தோன்றவும் வேண்டும்.

அதே ரிஷிகேஷ் முகர்ஜியின் 'சுப்கே சுப்கே' 1975-ல் வந்தது. அதே வருடம்தான் 'ஷோலே'. தர்மேந்திரா, அமிதாப், ஜெயா மூவரும் இரண்டு படத்திலும் உண்டு. இங்கே தர்மேந்திரா தாவரவியல் பேராசிரியர். மனைவி தன் அக்கா கணவரை மகா புத்திசாலி என்று ஓயாமல் புகழ்வதைக் கேட்டு, சுத்த இந்தி மட்டும் பேசும் டிரைவராக அவர் வீட்டுக்கே போய்ச் சேர்கிறார். ஜி-ஓ 'கோ' என்றால் டி-ஓ மட்டும் ஏன் 'டூ' ஆகிறது என்று அவர் அப்பாவியாகக் கேட்க, அந்த அக்கா கணவராக வரும் ஓம் பிரகாஷ் பதில் இல்லாமல் திணறுவது இந்தி தெரியாதவருக்கும் புரிகிற சிரிப்பு. ஓம் பிரகாஷ் மட்டும் இல்லையென்றால் தர்மேந்திராவின் சேட்டை பாதி கூட எடுபட்டிருக்காது.

'படோசன்' (1968) பற்றி எனக்கு இரண்டு மனசு. 'ஏக் சதுர நார்' பாட்டுக்காக அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடலாம். கிஷோர் குமாரும் மன்னா டேயும் ஆர்.டி. பர்மன் இசையில் மோதிக்கொள்கிற மாதிரி இன்னொரு பாட்டு இந்தியில் இல்லை என்றே சொல்வேன். ஆனால் மெஹ்மூத் செய்த தமிழ் பாட்டு வாத்தியார் வேடத்தில், குடுமியையும் உச்சரிப்பையும் காட்டியே சிரிக்க வைக்கப் பார்க்கிறார்கள். வாத்தியாரை ஒரு ஆளாக யாரும் யோசிக்கவில்லை, அது எனக்கு உறுத்துகிறது. 'படோசன்' படத்துக்கு மூலமான வங்காளக் கதையைத்தான் நாம் 1960-லேயே 'அடுத்த வீட்டுப் பெண்' என்று பார்த்துவிட்டோம். 'கண்ணாலே பேசிப் பேசி' பாட்டு அந்தப் படத்தில்தான்.

'ஜானே பி தோ யாரோ' வேறு ஜாதி. அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யின் பணத்தில், 7 லட்சத்துக்கும் குறைவான செலவில் எடுத்தது. நசீருத்தீன் ஷாவும் ரவி பஸ்வானியும் பிழைக்கத் தெரியாத இரண்டு போட்டோகிராஃபர்கள். பம்பாயில் இரண்டு பில்டர்கள், லஞ்சம் வாங்கும் கமிஷனர், மேம்பால காண்டிராக்ட், இவற்றுக்கு நடுவில் ஒரு கொலையைத் தற்செயலாகப் படம் பிடித்துவிடுகிறார்கள். கொலையானவர் அந்தக் கமிஷனர்தான். அவர் பிணத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, மகாபாரத நாடகம் நடக்கிற மேடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள்.

அங்கே பிணத்துக்குப் புடவை கட்டித் திரௌபதி ஆக்கிவிடுவார்கள். புடவையை உருவினால் குட்டு உடையும். ஆகவே, இப்பேர்ப்பட்ட பத்தினியைப் பார்த்ததும் துகிலுரிகிற ஐடியாவையே விட்டுவிட்டேன் என்று துரியோதனன் அறிவிப்பான்! பில்டர்களில் ஒருவராக வரும் ஓம் பூரி, குடித்துவிட்டு கறுப்புக் கண்ணாடியோடு பீமனாக மேடையில் தள்ளாடுவார். கண் தெரியாத திருதராஷ்டிரன் மட்டும் இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பான், அவனுக்கு ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். இந்திய சினிமாவில் இதைவிடச் சிறந்த சிரிப்புக் காட்சியை நான் பார்த்ததில்லை. பிணமாக நடித்த சதீஷ் ஷாவைத் தனியாகப் பாராட்ட வேண்டும். எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, உடம்பைத் துவளவிட்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்!

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் படம் முடிந்துவிடும். நம்பிய பத்திரிகை ஆசிரியர் விலை போகிறார். பாலம் இடிந்ததற்கான பழி இந்த இரண்டு பேர் தலையில். வெற்றி பெறுவோம் என்கிற பாட்டு ஒலிக்க, கைதி உடையில் தெருவில் நடந்து வருவார்கள். இங்கே ஏமாந்தவர்கள் நாயகர்களே, அவர்களோடு சேர்ந்து நாமும்தான். கோபம் வரும். பாலம் இடிந்த செய்தி பேப்பரில் வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் 'ஹேரா பேரி' (2000). சித்திக்–லால் 1989-ல் மலையாளத்தில் எடுத்த 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்', தமிழில் 'அரங்கேற்ற வேளை' ஆகி, பிரியதர்ஷன் கையில் இந்திக்குப் போனது. ராங் நம்பரில் வருகிற கடத்தல்காரன் போன்தான் கதை. இன்று கைபேசியில் பேர் தெரிந்துவிடும். ஆனாலும் படம் பழசாகவில்லை, காரணம் அதன் மூன்று நாயகர்களின் பணமுடை. பரேஷ் ராவலின் பாபுராவ், தடிமனான கண்ணாடியும் வேட்டியுமாக, யார் எது சொன்னாலும் எரிந்து விழுந்துவிட்டு அதையே நம்பிவிடுகிற மனுஷன். பவானி சங்கரின் ஏழை அண்ணன் என்றே எனக்குத் தோன்றும். 'அந்தாஸ் அப்னா அப்னா' (1994) ரசிகர்கள் கோபிக்க வேண்டாம். வெளியானபோது சரியாக ஓடாமல் பிறகு கொண்டாடப்பட்ட படம் என்பது தெரியும், வசனங்களும் அபாரம். ஆனால் அதில் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள், எனக்குப் பிடித்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

இந்தி அவ்வளவாகத் தெரியாதவர்கள் 'ஹேரா பேரி'யில் தொடங்கலாம், கதை முன்பே தெரிந்திருக்கும். அடுத்து 'கோல் மால்', அப்புறம் 'சுப்கே சுப்கே'. 'ஜானே பி தோ யாரோ'வை மட்டும் சப்டைட்டிலோடு பாருங்கள். மகாபாரதக் காட்சியில் ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவார்கள், ஒருவர் வசனத்தையும் விட்டுவிடக் கூடாது.